லூப் எங்கே போச்சு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். பழகிய மொழியை விட்டு வேறு பாணி ப்ரோகிராமிங் மொழியில் கால் வைத்துவிட்டு, வைத்த காலை எடுக்கவும் முடியாமல் ஊன்றவும் முடியாமல் நிற்பவர்கள் எழுதியவை. மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒன்பது வருடமாக ஜாவாவிலும் பைத்தானிலும் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதமாக ராத்திரியில் ஹாஸ்கெல் படிக்கிறேன். வேரியபிளின் மதிப்பை மாற்றக் கூடாது, லூப் (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள், சரி என்று ஒத்துக்கொண்டேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. சொந்தமாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயதெல்லாம் இல்லை, பழக்க தோஷம். ஒன்பது வருடமாக ஒரு கணக்கைப் பார்த்ததும் உங்கள் மனம் கேட்ட முதல் கேள்வி "முதலில் என்ன செய்யணும், அப்புறம் என்ன செய்யணும்" என்பதுதான். ஹாஸ்கெல்லில் உட்கார்ந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: "எனக்கு வேண்டிய விடை என்பது என்ன? கையில் இருப்பதற்கும் அதற்கும் என்ன உறவு?"

இப்படிச் சொன்னால் சாமியார் பேச்சு மாதிரி இருக்கும், அதனால் ஒரு கணக்கு. தினசரி வெப்பநிலை ஒரு பட்டியலாக இருக்கிறது: 31, 33, 34, 32, 33, 35, 36, 30. முந்தின நாளைவிட அதிகம், அதைவிட அடுத்த நாள் அதிகம் என்று தொடர்ந்து ஏறியது அதிகபட்சம் எத்தனை முறை?

ஜாவா கை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். 'இப்போதைய ஓட்டம்' என்று ஒரு வேரியபிள், 'இதுவரை பெரியது' என்று இன்னொன்று, இரண்டிலும் பூஜ்யம். பட்டியலை நடந்து போக வேண்டும், ஏறினால் முதலாவதை ஒன்று கூட்ட வேண்டும், இறங்கினால் இரண்டாவதோடு ஒப்பிட்டுவிட்டு முதலாவதைத் திரும்பப் பூஜ்யமாக்க வேண்டும். பட்டியல் ஏறிக்கொண்டே இருக்கும்போது முடிந்துபோனால் கடைசி ஓட்டத்தை ஒப்பிட மறந்துவிடுவோம், அது நம் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்த பிழை.

இப்போது செய்வதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். ஏற்றம் என்பது ஒரு நாளின் சங்கதி கிடையாது, பக்கத்துப் பக்கத்து இரண்டு நாட்களுக்கு இடையில் இருப்பது. அப்படியென்றால் எனக்கு முதலில் வேண்டியது ஜோடிகள். பட்டியலையும், தலையை வெட்டிய அதே பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜோடிகள் தானாக விழுகின்றன: 31-33, 33-34, 34-32 என்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஏறியதா என்று கேட்டால் ஆம், ஆம், இல்லை, ஆம், ஆம், ஆம், இல்லை. அடுத்தடுத்து ஒரே மாதிரி இருப்பவற்றைக் கொத்தாகக் கட்டினால் நான்கு கொத்து. 'இல்லை' கொத்துகளைத் தூக்கிப் போட்டால் மிச்சம் இரண்டு, அவற்றின் நீளம் 2, 3. பெரியது 3. முடிந்தது.

எங்கேயும் எதையும் பூஜ்யமாக்கவில்லை, எதையும் திரும்பப் பூஜ்யமாக்க மறக்கவும் வழியில்லை. ஹாஸ்கெல்லில் இது ஒரே வரி, நான் சொன்ன ஒவ்வொரு படிக்கும் தயாராக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. (ஒரே ஒரு ஓட்டை: ஒரு நாள்கூட ஏறாவிட்டால் கடைசியில் காலிப் பட்டியலில் பெரிய எண்ணைத் தேடச் சொல்வீர்கள், ப்ரோகிராம் விழுந்துவிடும். நீளங்களின் பட்டியலுக்கு முன்னால் ஒரு 0 சேர்த்துவிடுங்கள்.)

கவனித்தீர்களா, லூப்பில் ஒரே நேரத்தில் மூன்று காரியத்தைப் பிசைந்து வைத்திருந்தோம். இங்கே அவை தனித்தனியாக நிற்கின்றன. முதல் நாள் இது ஊதாரித்தனமாகத் தெரியும், "ஒரு எண்ணுக்காக நான்கு பட்டியல் கட்டுகிறாயா" என்று உள்ளே இருக்கும் ஜாவாக்காரர் சண்டைக்கு வருவார். ஹாஸ்கெல் சோம்பேறி மொழி, கேட்டால்தான் கணக்கிடும், அதனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் முழுசாக ஒரே நேரத்தில் மெமரியில் நிற்பதில்லை. ஆனாலும் இப்போதைக்கு அந்தக் கவலையே வேண்டாம், வேகம் பார்க்க வேண்டிய நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். எடிட்டரைத் திறக்கும் முன் காகிதத்தில் இடது ஓரம் கையில் இருப்பதை எழுதுங்கள், வலது ஓரம் வேண்டியதை எழுதுங்கள், மேலே நான் செய்தது மாதிரி உண்மையான எண்களோடு. நடுவில் என்னென்ன வடிவங்கள் வந்தால் இதிலிருந்து அதற்குப் போகலாம் என்று நிரப்புங்கள். 'செய்', 'மாற்று', 'திரும்பவும்' என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் டைப் எழுதுங்கள், எண் பட்டியல் போய் ஆம்-இல்லை பட்டியல் வருகிறது என்பது மாதிரி. அந்த டைப்பை ஹூகிள் என்ற தேடல் பக்கத்தில் போட்டால் அதற்கான ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறதா என்று சொல்லிவிடும், பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. கொஞ்ச நாளில், பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருட்டும் 'ஃபோல்டு' என்ற ஃபங்ஷன் உங்கள் கையில் கிடைக்கும். லூப்பில் வளர்ந்தவர்களுக்கு அதைக் கண்டதும் ஊருக்கே திரும்பி வந்த சந்தோஷம், லூப்பில் இருந்த வேரியபிள்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஃபோல்டுக்குள் தள்ளிவிடுவார்கள். ஓடும். ஆனால் அது வேஷம் கட்டிய லூப், நீங்கள் கற்க வந்ததை அது கற்றுத் தராது.

கேள்வி: ரிகர்ஷன் எழுதினால், அது தன்னைத்தானே கூப்பிட்டு, அது மறுபடி கூப்பிட்டு என்று மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். நான்காவது படியில் தலை சுற்றிவிடுகிறது.

பதில்: ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓட்டுவது மெஷினின் வேலை.

பட்டியலின் நீளம் வேண்டும் என்று வையுங்கள். காலியாக இருந்தால் 0. இல்லாவிட்டால் முதல் ஆளைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் நீளத்தோடு ஒன்று கூட்டினால் ஆயிற்று. "மிச்சத்தின் நீளம் எப்படிக் கிடைக்கும்?" என்று உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும், அங்கேதான் வழுக்குகிறது. வேறு யாரோ சரியாகக் கணக்கிட்டு உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பிவிட்டு, அந்த ஒரு படி மட்டும் சரியா என்று பாருங்கள். பள்ளியில் கணிதத்தில் தொகுத்தறிதல் முறை என்று படித்திருப்பீர்கள்: ஒன்றுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை, ஆகவே எல்லாவற்றுக்கும். அதேதான் இது, புதுசாக ஒன்றுமில்லை. நம்பிக்கை வராவிட்டால் இரண்டே உறுப்புள்ள பட்டியலைக் காகிதத்தில் விரித்து எழுதுங்கள், மூன்றுக்குப் போகாதீர்கள்.

ஒரு விஷயம், இதைப் பைத்தானில் பழகிப் பார்க்கலாம் என்று போய்விடாதீர்கள். அங்கே வழக்கமான அமைப்பில் சுமார் 1000 ஆழத்துக்கு மேல் ரிகர்ஷன் போனால் பிழை கொடுத்து நிறுத்திவிடும். அந்த மொழி இதற்காகக் கட்டியதில்லை.

கேள்வி: கல்லூரிப் பாடத்தில் ப்ரோலாக், விதிகளை எழுதிவிட்டுக் கேள்வி கேட்கும் மொழி. முன்னோர் உறவை எழுதினேன், லாஜிக் சரி என்று பேராசிரியரே சொல்கிறார். ஆனால் ஓட்டினால் சரியான விடைகளை எல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த விடை கேட்டால் ஓடிக்கொண்டே இருந்து ஸ்டாக் நிரம்பி விழுகிறது. நான் எழுதியது:

முன்னோர்(அ, ஆ) :- பெற்றோர்(அ, ஆ).
முன்னோர்(அ, இ) :- முன்னோர்(அ, ஆ), பெற்றோர்(ஆ, இ).

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி, மெஷின் விழுந்ததும் சரி. இரண்டாவது விதியைப் படியுங்கள் (:- குறிக்கு வலப்பக்கம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை): "அ என்பவர் இ-க்கு முன்னோரா என்று அறிய, முதலில் அ யாருக்கெல்லாம் முன்னோர் என்று கண்டுபிடி." அதைக் கண்டுபிடிக்க அதே விதி, அதற்கும் அதே விதி. செக்குமாடு. ப்ரோலாக் இடமிருந்து வலமாக, ஒரு கிளையை அடி ஆழம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். இடம் மாற்றுங்கள்:

முன்னோர்(அ, இ) :- பெற்றோர்(அ, ஆ), முன்னோர்(ஆ, இ).

இப்போது முதலில் ஒரு தலைமுறை இறங்குகிறது, அப்புறம்தான் மறுபடி கேட்கிறது. தலைமுறைகள் முடிந்தால் தேடலும் முடியும். தர்க்கப்படி இரண்டு விதிகளும் ஒன்றேதான், கமாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இந்த மொழியைப் படித்தபோது எனக்கும் இதே விதி இதே இடத்தில் விழுந்தது. அப்போது வந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லு, எப்படி என்று சொல்லாதே என்றீர்களே ஐயா!" அது பாதி உண்மைதான். ப்ரோலாக்கின் கோட்பாட்டுப் பக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ராபர்ட் கோவால்ஸ்கி 1979-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு சமன்பாடு: அல்காரிதம் = தர்க்கம் + கட்டுப்பாடு. தர்க்கத்தை நீங்கள் சொன்னீர்கள், கட்டுப்பாடு வரிசைக்குள் ஒளிந்திருந்தது.

ஆனாலும் பாதி உண்மையாவது எவ்வளவு பெரியது என்று பார்க்க, இரண்டு பட்டியலை ஒட்டும் அப்பெண்ட் விதியைத் தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள்: "எந்த இரண்டு பட்டியலை ஒட்டினால் 1, 2, 3 வரும்?" நான்கு விடை சொல்லும், காலியும் முழுசும் சேர்த்து. ஒட்டுவதற்காக எழுதிய இரண்டே வரி, பிரிக்கவும் செய்கிறது. ஃபங்ஷன் என்று நினைத்தால் இது மாயம், உறவு என்று நினைத்தால் சாதாரணம். ப்ரோலாக்கில் ஆரம்ப ஒரு வாரம் உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு எக்ஸெல் மட்டும்தான் தெரியும். ப்ரோகிராமராக இல்லாத நான் ஹாஸ்கெல் பாணியான ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் கற்க முடியுமா?

பதில்: நீங்கள் பல வருடமாகச் செய்துகொண்டிருப்பது அதுதான். ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதுகிறீர்கள், அது வேறு கட்டங்களைப் பார்க்கிறது. எந்தக் கட்டத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்று என்றைக்காவது சொன்னீர்களா? ஒரு கட்டம் இன்னொரு கட்டத்துக்குள் கை விட்டு மதிப்பை மாற்றியது உண்டா? 1979-இல் எக்ஸெல்லுக்கு முன்னோடியான விசிகால்க் வந்த நாள் முதல் கணக்காளர்கள் இப்படி யோசிக்கிறார்கள், யாரும் அவர்களிடம் இது கடினம் என்று சொல்லாததால் அவர்களுக்குக் கடினமாக இல்லை. 2020-இல் எக்ஸெல்லுக்கு லாம்ப்டா என்றே ஒரு வசதி வந்துவிட்டது, சொந்த ஃபங்ஷனை அதிலேயே எழுதலாம். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் +/÷≢ என்று அனுப்பிவிட்டு "இது ஒரு முழு ப்ரோகிராம்" என்கிறார். கிண்டல் செய்கிறாரா?

பதில்: இல்லை, அது ஏபிஎல் என்ற மொழி. இன்றைய ஏபிஎல்லில் அந்த நான்கு குறி ஒரு எண் பட்டியலின் சராசரி. +/ என்றால் எல்லாவற்றுக்கும் நடுவில் கூட்டல் குறி போட்டது, ≢ என்றால் எத்தனை பேர், நடுவில் வகுத்தல். "கூட்டுத்தொகை வகுத்தல் எண்ணிக்கை" என்று வாயால் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறார். அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் × போட்டால் பெருக்கற்பலன், ⌈ போட்டால் பட்டியலின் பெரிய எண். முதல் கேள்விக்காரரிடம் ஃபோல்டு என்றேனே, இங்கே அது ஒரு சாய்கோடு.

கென்னத் ஐவர்சன் இதை ஆரம்பித்தபோது கம்ப்யூட்டருக்காக ஆரம்பிக்கவில்லை. ஹார்வர்டில் பாடம் நடத்தும்போது அல்காரிதங்களைத் துல்லியமாக எழுதிக் காட்ட ஒரு குறியீட்டு முறை வேண்டியிருந்தது, 1962-இல் அது புத்தகமாக வந்தது, அதற்குச் சில வருடம் கழித்துத்தான் மெஷினில் ஓடியது. 1979-இல் கணினித் துறையின் பெரிய விருதான ட்யூரிங் விருது வாங்கியபோது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பும் குறியீடு எப்படிச் சிந்திக்கும் கருவியாகிறது என்பதுதான்.

இதில் உங்களை முதலில் தடுக்கி விழ வைப்பது அந்தப் புரியாத குறிகள் என்று நினைப்பீர்கள், இல்லை, அவை இரண்டு வாரத்தில் பழகிவிடும். 2×3+4 என்று போட்டுப் பாருங்கள், 14 வரும். பெருக்கல்தான் முதலில் என்ற சட்டம் இங்கே இல்லை, எல்லாக் குறிக்கும் சம மரியாதை, வலது கோடியிலிருந்து கணக்கு. ஐந்தாம் வகுப்பில் கற்றதை மறப்பதுதான் ஏபிஎல்லில் நிஜமான வேலை.

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவன். இந்த மொழிகள் எல்லாம் ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்குத்தானே வசதி?

பதில்: அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், ஃபோர்த் மொழியைப் பார்க்கும் வரை. சார்லஸ் மூர் என்பவர் 1970 வாக்கில் உருவாக்கியது. அதில் இப்படி எழுத வேண்டும்:

2 3 + 4 *

ஆங்கிலக்காரருக்கு இது தலைகீழ். தமிழில் வாய்விட்டுப் படியுங்கள்: "இரண்டையும் மூன்றையும் கூட்டி, நான்கால் பெருக்கு." ஒரு சொல்கூட இடம் மாறவில்லை! எண்கள் முதலில், வினை கடைசியில். அடுக்கில் 2 விழும், மேலே 3 விழும், கூட்டல் வந்ததும் இரண்டும் போய் 5 ஆகும், மேலே 4, பெருக்கல் வந்ததும் 20. "ஏழிலிருந்து மூன்றைக் கழி" கூட அப்படியே 7 3 - தான்.

ஹாஸ்கெல்லில் கதை வேறு. "பட்டியலில் உள்ள இரட்டைப்படை எண்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை" என்று நாம் சொல்வதை, அங்கே கூட்டுத்தொகையில் ஆரம்பித்துப் பட்டியலில் முடிப்பார்கள். அதனால் அந்த வரியை வலது கோடியிலிருந்து இடது பக்கமாகப் படியுங்கள், தமிழ் வாக்கியம் கிடைக்கும். எஃப் ஷார்ப்பிலும் எலிக்ஸிரிலும் |> என்று ஒரு குழாய்க் குறி உண்டு, அதைப் போட்டால் பட்டியல் முன்னால் வந்து வேலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். தமிழில் யோசிப்பது இதற்கெல்லாம் தடை என்று யாராவது சொன்னால் அவர் எந்த மொழியிலும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: இதெல்லாம் கற்றால் வேலைக்கு ஆகுமா?

பதில்: நேரடியாகக் கேட்டதால் நேரடியாகச் சொல்கிறேன்: வேலை தேடத்தான் என்றால் இதில் உட்காராதீர்கள், ஹாஸ்கெல்லுக்கோ ஏபிஎல்லுக்கோ வேலைகள் குறைவு.

மறைமுகமாக ஆகும். ஜாவாவுக்கு லாம்ப்டாவும் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) ஸ்ட்ரீமும் 2014-இல் எட்டாவது பதிப்பில் வந்தன, அவை ஃபங்ஷனல் மொழிகளிலிருந்து வந்த சரக்கு. உங்கள் பின்னால் வந்து, பயன் முடிந்த மெமரியைக் குப்பையாகப் பொறுக்கும் கார்பேஜ் கலெக்டர் 1959 வாக்கில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற மொழிக்காகச் செய்தது. இன்னும் சுவாரசியம், ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். வரிசையாகக் கட்டளை கொடுக்கும் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியதே அவருடைய மொழிதான். 1977-க்கான ட்யூரிங் விருதை வாங்கப் போன மேடையில் அதே பாணியைக் கிழித்துத் தொங்கவிட்டார், ஒரு நேரத்தில் ஒரு சொல்லாக மெமரிக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் இழுத்துக்கொண்டிருப்பதாக நம் சிந்தனையே குறுகிவிட்டது என்பது அவர் வாதம்.

அதற்காக மதம் மாறியவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டாம். நான் நடந்துகொண்டேன். புதுசாகக் கற்ற ஜோரில், அலுவலக ஜாவா கோடில் நாலு வரி லூப்பாக இருந்த ஒன்றை ஒரே சங்கிலியாக, உள்ளுக்குள் உள்ளாக மூன்று லாம்ப்டா வைத்து எழுதிவிட்டு மார் தட்டிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு பிழை வந்தது. திறந்து பார்த்தால் எனக்கே விளங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அதை லூப்பாகத் திருப்பி எழுதிப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார், நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கேள்வி: எத்தனை நாளில் பழகும்?

பதில்: நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அடையாளம் மட்டும் சொல்கிறேன். யாரோ எழுதிய சாதாரண லூப்பைப் பழைய மொழியில் படிக்கும்போது, "இது வடிகட்டுகிறது, இது ஒவ்வொன்றையும் மாற்றுகிறது, இது சுருட்டுகிறது" என்று கண் தானாகப் பிரிக்க ஆரம்பிக்கும். அன்றைக்குப் பழகிவிட்டது.

கேள்வி: மோனாட் என்றால் என்ன? பத்துக் கட்டுரை படித்தேன், ஒருவர் பெட்டி என்கிறார், ஒருவர் குழாய் என்கிறார்.

பதில்: பதினொன்றாவது கட்டுரையைப் படிக்காதீர்கள். 1990-இல் வந்த முதல் ஹாஸ்கெல்லில் உள்ளீடு-வெளியீட்டுக்கு மோனாட் கிடையாது, 1996-இல் வந்த 1.3 பதிப்பில்தான் அந்த வேலைக்கு அதை வைத்தார்கள். அந்த ஆறு வருடமும் ஆட்கள் அந்த மொழியில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்களும் இப்போதைக்கு டூ (do) என்று போட்டு, அதன் கீழே வரிகளை அடுக்கி, ஒரு ஃபைலைப் படித்து வரிகளை எண்ணித் திரையில் காட்டுங்கள். அப்புறம் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதற்கான மேபி டைப்பில் நாலைந்து ப்ரோகிராம், பிழைச் செய்தியோடு வரும் ஈதர் டைப்பில் நாலைந்து. மூன்றிலும் ஒரே மாதிரி எதையோ திரும்பத் திரும்ப எழுதுகிறோமே என்று கை அலுத்துப்போகும். அந்த அலுப்புக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.